இடது பக்கத்துப் பின்னு

— லைட்ட என் மூஞ்சிக்கு அடிக்காதீங்கண்ணே. சக்கரத்துக்கு அடிங்க.

— சக்கரத்துக்குத்தான் அடிக்கிறேன். குறுக்க உன் தலை வந்து நிக்குது.

— கொஞ்சம் கீழ. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே இருங்க. அந்தப் பதினேழு ஸ்பேனர எடுத்துக் குடுங்க.

— அது மட்டும் மாட்டேன்.

— ஏன்?

— உங்கப்பா எங்கிட்ட சாவிய வாங்கிட்டாரு பாப்பா. சாவியத் திருப்பிக் குடுத்த வண்டியில டிரைவர் கை வைக்கப்படாது. லைட்டு என் போனு. அதப் பிடிக்கலாம்.

— ஸ்பேனரு வண்டியா?

— டிக்கியிலதானே கெடந்துச்சு. அப்ப அதுவும் வண்டிதான்.

— குழந்தைவேல் அண்ணே, இப்பப் போயி சட்டம் பேசுறீங்களே. விடிஞ்சா உங்களக் கோயில்ல நிக்க வைக்கப் போறாங்க.

— அது விடிஞ்சாத்தானே. இப்ப மணி பதினொண்ணேகால். நீ போன்ல அழுத அழுகைக்கு, முதலாளிக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுனு செருப்புகூட மாட்டாம ஓடியாந்தேன். வந்து பாத்தா ஜாக்கியப் போட்டு இடது சக்கரத்தக் கழட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்க. ப்ளஸ் டூ படிக்கிற புள்ள பண்ற சோலியா இது?

— பகல்ல பண்ணா ஆள் பாத்துருவாங்க. மெதுவாப் பேசுங்க, அப்பா உள்ள இருக்காரு.

— கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவுல இம்புட்டுப் பூண்டு தொங்குது. சத்தம் போகாது. புகையே போக மாட்டாமத்தான் சுத்திச் சுத்தி வருது.

— அண்ணே, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

— திட்டுற அளவுக்கு எனக்கு இந்த வீட்டுல உத்தியோகம் இல்ல இப்ப. சொல்லு சுசி.

— ராக்காயி அத்தை காலை ஒடிச்சது நீங்க இல்ல. நான்.

— சரித்தான்.

— நெசமாத்தாண்ணே!

— அன்னைக்கு நீ பள்ளிக்கூடத்துல இருந்த. ராக்காயி ஊருக்கு மேல வளைவுல கேரட்டுக் கட்டு வித்துக்கிட்டு இருந்துச்சு. அங்க வரைக்கும் நீளுற கை உனக்கு எப்ப மொளச்சுச்சு?

— கேலி பண்ணாதீங்க. அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால்ல பிளேட்டு வச்சிருக்காங்க. அந்த வலியிலயும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "தாயி, உங்க வீட்டு டிரைவரு நல்ல பயலாச்சே, என்னை எதுக்கு இடிச்சான்"னு கேக்குது. நான் என்ன சொல்லுவேன்? வாயி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

— நல்ல பயங்குச்சா?

— ஆமா.

— சரித்தான். கெழவிக்குக் கால் போச்சே ஒழிய கண்ணு போகல.

— அண்ணே!

— சொல்லு, சொல்லு. என்னத்த முழுங்குன?

— கார்த்திகையில பிரேக் பேடு மாத்துனோம்ல. வலது சக்கரம் நீங்க, இடது சக்கரம் நான்.

— ஆமா. உங்கிட்ட விட்டுட்டு நான் ரேசன் கடைக்கு ஓடுனேன். திரும்பி வரதுக்குள்ள சக்கரத்தையே மாட்டி வச்சிருந்த. கெட்டிக்காரினு முதலாளிகிட்டச் சொன்னேன்.

— கெட்டிக்காரி! பேடு டப்பாவுல சின்னப் பாக்கெட்டா ஒரு கிரீஸ் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அத வலது பக்கத்துக்கே நீங்க பூராம் பிதுக்கிட்டீங்க. இடதுக்கு ஒரு சொட்டு இல்ல. கொடைக்கானலுக்குப் போயி வாங்கணும்னா ஒரு நாளு. செல்லப்பாண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வண்டிய விட்டா ரெண்டு நாளு. அதனால இந்தா, இங்க மூலையில இருக்கு பாருங்க, மருந்தடிக்கிற மோட்டாருக்குப் போடுவோமே, அந்த டப்பாவுல இருந்து அள்ளி வச்சேன்.

— கிரீஸுக்குக் கிரீஸு. அதுக்கென்ன?

— அதுக்கென்னவா? இங்க வந்து பாருங்க. இது காலிபரு. பிரேக்க மிதிச்சா ரெண்டு பேடையும் வச்சு இந்தத் தட்ட ரெண்டு பக்கமும் கவ்வுறது இதுதான். கவ்வுறதுக்கும் விடுறதுக்கும் இது முன்ன பின்ன நகரணும். எது மேல நகருது? இந்த ரெண்டு பின்னு மேல. மேல உள்ளதப் பாருங்க, விரல்ல இழுத்தா வருது. கீழ உள்ளத இழுக்கிறேன்... ம்ம்ம்... ம்ம்... அசையுதா?

— கோயில் தூணு மாதிரி நிக்குது.

— இந்தப் பின்னு நுனியில ரப்பர் உறை ஒண்ணு இருக்கு. மோட்டாரு கிரீஸு ரப்பருக்கு ஆகாது. ஊறி உப்பிரும். உப்புனா ஓட்டைக்குள்ள இறுகிக்கும். அப்பறம் நீங்க பிரேக்குல இருந்து கால எடுத்தாலும் பேடு தட்ட விடாது. உரசிக்கிட்டே வரும். சூடேறும். மலை எறக்கத்துல ஒரு பக்கமா வண்டிய இழுக்கும். இடிச்சதக் கேட்டதுல இருந்தே எனக்குச் சந்தேகந்தான். ஆனா இதெல்லாம் முந்தாநேத்துதான் தெரியும். யாரோ ஒரு இந்திக்கார மெக்கானிக் வீடியோ. பாஷை புரியல. ஆனா அவரு கையில அந்த ரப்பரத் தூக்கிக் காட்டுனாரு பாருங்க, ஓடியாந்து இந்த மோட்டாரு கிரீஸு டப்பாவத்தான் பாத்தேன்.

— எந்தப் பக்கமா இழுக்கும்?

— எந்தச் சக்கரம் உரசுதோ அந்தப் பக்கம். ராக்காயி அத்தை எந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சு?

— இடது பக்கம்.

— அப்ப?

— சரித்தான்.

— இந்தப் பேடப் பாருங்க. வெளிப் பக்கத்து பேடு புதுசாட்டம் கெடக்கு. உள்பக்கத்து பேடு தேஞ்சு இரும்பு தெரியுது. மூணு மாசத்துல இப்படித் தேயுமா? ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லுங்க. முன்னாடி நாள்கள்ல சக்கரத்துப் பக்கம் கருகுன வாட அடிச்சிருக்கணுமே. அடிக்கலயா?

— அடிச்சுச்சு.

— அடிச்சுச்சா! அடிச்சும் சும்மா இருந்தீங்களா?

— ஏ பாப்பா, நம்ம கொட்டகையில புகை போட்ட பூண்டு. பின்சீட்ட மடக்கிப் போட்டு அஞ்சு மூட்டைய அமுக்கிக்கிட்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போற வண்டி. அதுல புகை வாட அடிக்காம மல்லியப்பூ மணமா அடிக்கும்? மூட்டைய எறக்குனாலும் சீட்டுல கெடக்கு, கால்மிதியில கெடக்கு, என் சட்டையில கெடக்கு. என் பொண்டாட்டி, போய் குளிச்சிட்டு வந்து படுய்யாங்குறா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஏறுன டூரிஸ்ட் அம்மா கேட்டுச்சு, "டிரைவர், சம்திங் பர்னிங்"னு. "எங்க ஊரு மணம்மா, நம்பர் ஒன் பூண்டு"ன்னேன். எறங்குறப்ப ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போச்சு.

— அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத் தெரியல.

— நம்ம மூக்கு வேற, அவுக மூக்கு வேற.

— சிரிக்காதீங்க. அந்த வெந்நிக் கெட்டிலையாவது எடுத்துக் குடுப்பீங்களா? அது வண்டி இல்ல, அடுப்படி.

— அது தரலாம். இந்தா. எதுக்கு?

— இந்தப் பின்னச் சுத்தி ஊத்துனா இரும்பு கொஞ்சம் விரியும். இது மேல விட்ட மண்ணெண்ணெயும் சாயங்காலத்துல இருந்து ஊறிக்கிட்டு இருக்கு. வெந்நி வைக்கிறப்ப அம்மா கேட்டுச்சு, இந்நேரத்துக்கு எதுக்கு வெந்நினு. கால் வலிக்குதுன்னேன். பொய் சொல்லிச் சொல்லி வாயே பழகிப்போச்சுண்ணே.

— மெதுவா ஊத்து. கையில பட்டுறப் போகுது.

— படட்டும்.

— படட்டும்ங்குறா. உன் கை பொசுங்குனா ராக்காயி கால் சேந்துருமா?

— அன்னைக்கு வளைவுல மிதிச்சப்ப பெடல் எப்படி இருந்துச்சு? கல்லாட்டம் நின்னுச்சா, இல்ல மெத்துனு உள்ள போச்சா?

— அது யாருக்கு ஞாபகம்.

— உங்க காலுக்கு ஞாபகம் இருக்குமே. பதினஞ்சு வருசமா ஓட்டுறீங்க. "வண்டி பேசுறது காலுல கேக்கும் பாப்பா"னு எங்கிட்டயே எத்தன வாட்டி சொல்லிருக்கீங்க.

— மஞ்சு எறங்கிக் கெடந்துச்சு. வண்டி சாஞ்சுச்சு. கூடை பறந்துச்சு. கேரட்டு பூராம் கண்ணாடியில வந்து விழுந்துச்சு. அம்புட்டுத்தான் ஞாபகம்.

— ரொம்ப முக்கியம்ணே. மெத்துனு போயிருந்தா சூடு ஏறிப்போயி—

— ஸ்பேனர மாட்டு. இரும்பு ஆறுது.

— மாட்டுறேன். ம்ம்... வரல. ம்ம்ம்... அய்யோ, வழுக்குதே.

— ஒரே பக்கமா முறுக்காத. முன்ன கொஞ்சம், பின்ன கொஞ்சம். அடம் பிடிக்கிற மாட்ட ஒரேயடியா இழுத்தா வருமா?

— இப்ப மட்டும் சொல்லுவீங்க.

— வாய வைக்கப்படாதுனு உங்கப்பா சொல்லல.

— முன்ன... பின்ன... முன்ன... அசையுதுண்ணே! ஒரு மயிரிழை அசையுது!

— ஆட்டிக்கிட்டே இரு. விட்டுறாத.

— கை ஓயுது. கொஞ்சம் நிக்கிறேன். அண்ணே, நாளைக்கு அங்க என்ன பண்ணுவாங்க? எனக்குச் சரியாத் தெரியாது. வீட்டுல யாரும் என் முன்னாடிப் பேச மாட்டேங்குறாங்க.

— என்ன பண்ணுவாங்க. வெள்ளனே வேலப்பர் கோயிலுக்கு முன்னாடி பெரியவுக நாலஞ்சு பேரு வந்து உக்காருவாக. ராக்காயி மகன் ஆனந்து வருவான். ஒரு வெத்தலை மேல சூடத்தக் கொளுத்தி வைப்பாக. "நான் குடிச்சிட்டு ஓட்டல"னு சொல்லி உள்ளங்கையால ஒரு அடி. சூடம் அணைஞ்சிரணும். அணைச்சிட்டா அதுக்கு மேல ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசப்படாது.

— அணைக்கலனா?

— "ஆமா, குடிச்சிருந்தேன்"னு ஒத்துக்கலாம். ஒத்துக்கிட்டவனுக்குச் சூடம் வேணாம். போலீஸுக்கும் போகலனு ஆனந்து சொல்லிருக்கான்.

— அப்ப ஒண்ணும் கஷ்டமில்லயே. அணைச்சிட்டு வாங்க. நீங்கதான் தொடுறதே இல்லயே.

— நான் ஒத்துக்கப் போறேன் பாப்பா.

— என்னது?

— ஸ்பேனரக் கீழ போடாத, சத்தம் கேக்கும்.

— என்னத்த ஒத்துக்கப் போறீங்க? குடிய விட்டு நாலு வருசம் ஆச்சு உங்களுக்கு!

— நாலு வருசம் குடிக்காததுக்குச் சாட்சி இல்ல. அதுக்கு முன்னாடி குடிச்சதுக்கு ஊரே சாட்சி. அன்னைக்கு ஆனந்து கீழ இருந்து ஓடியாரப்ப நானும் முதலாளியும் ராக்காயியத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம். வண்டிக் கதவு தொறந்து கெடக்கு. உள்ள தலைய விட்டு மோந்தான். "ஏலே குழந்தைவேலு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியாலே"னு கேட்டான். முடிஞ்சது.

— அது அப்பா வாட! சந்தை அன்னைக்கு அப்பா போட்டுக்கிட்டுத்தான் வருவாரு, எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். பக்கத்து சீட்டுல அவரு உக்காந்து வந்தா வண்டி பூராத்தான் அடிக்கும். அத அங்கயே சொல்லிருக்கலாம்ல நீங்க?

— முதலாளி மேல வாட அடிக்குதுனு டிரைவர் ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியணுமா?

— உங்க பொழப்புப் போகுதேண்ணே! குடிச்சிட்டுக் கெழவி காலை ஒடிச்சவன்னு பேராயிட்டா, நம்ம கூக்கால்ல இருந்து கொடைக்கானல் வரைக்கும் எவன் உங்க கையில வண்டி குடுப்பான்?

— மன்னவனூர்ல மச்சான் இருக்கான். உருளைக்கெழங்கு தோண்ட ஆள் பத்தலங்குறான். கெழங்குக்கு லைசென்ஸு வேணாம்.

— எப்படி இம்புட்டுச் சாதாரணமாச் சொல்றீங்க?

— அழுதுக்கிட்டுச் சொன்னா மட்டும் கெழங்கு பெருசா வருமா? நீ ஆட்டு.

— ஆட்டுறேன். முன்ன... பின்ன... இருங்க, சுத்துது. நல்லாச் சுத்துது இப்ப. சுத்திக்கிட்டே இழுக்கிறேன். லைட்ட ஆட்டாதீங்க.

— ஆட்டல. நீ இழு.

— வருது... வருது... வந்துருச்சு!

— எங்க, காட்டு.

— பாருங்க. இதுதான் அந்த ரப்பர். எப்படி உப்பி நிக்குது பாருங்க.

— ராத்திரி பூராம் ஊறுன கொண்டக்கடலையாட்டம் இருக்கு.

— தொடுங்களேன். கொழகொழங்குது.

— தொட மாட்டேன். பாத்துட்டேன், போதும். இம்புட்டுக்காணும் ரப்பரா அம்புட்டு பெரிய வண்டியப் பிடிச்சு இழுத்துச்சு?

— இம்புட்டுக்காணும் ரப்பர்தான். நான் வச்ச கிரீஸுதான். எனக்கு இப்பத்தான் பயமா இருக்குண்ணே. உள்ள இருந்த வரைக்கும், ஒருவேளை அப்படி இல்லாம இருக்கும்னு ஒரு ஓரத்துல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— மூக்கத் தொடச்சுக்க. அந்தக் கையால வேணாம், அது பூராம் கிரீஸு.

— இந்தப் பின்ன அப்படியே ஒரு துணியில சுத்தி வைக்கிறேன். காலையில கோயிலுக்கு நானும் வருவேன். பெரியவங்க முன்னாடி இத வச்சு, தேஞ்ச பேடையும் வச்சு, நான்தான் தப்பான கிரீஸு போட்டேன்னு சொல்லிருவேன்.

— சொல்லிட்டு?

— சொல்லிட்டு என்ன. அப்பா அடிப்பாரு. அடிக்கலனாலும், பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் படிக்கப் போறேன்னு இனிமே நான் இந்த வீட்டுல வாயத் தொறக்க முடியாது. ஊருல எந்த வண்டி நின்னாலும், சுசித்ரா கை வச்சாளானு கேப்பாங்க. ஆனந்து அண்ணன் என்னைப் பாத்தாலே காறித் துப்பும். ராக்காயி அத்தை... அது என்ன சொல்லும்னு நெனச்சுக்கூடப் பாக்க முடியல.

— அம்புட்டையும் யோசிச்சிட்டியா?

— அஞ்சு நாளா வேற என்ன வேலை எனக்கு.

— சொல்லாம விட்டா ஒரு பயலுக்குத் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். நானும் காலையில இந்த வண்டிய விட்டுப் போயிருவேன்.

— அதுக்காகத்தான் உங்களக் கூப்புட்டேன். யாரு கிட்டயாவது சொல்லிட்டா அப்பறம் நானே நெனச்சாலும் மறைக்க முடியாதுல்ல. இப்பவே போயி அப்பாவ எழுப்புறேன். மொதல்ல அவருக்குச் சொல்லணும். பாவம், அஞ்சு நாளா யாரு கூடயும் பேசல. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து சுவத்தப் பாக்குறாரு. உங்க மேல அம்புட்டுக் கோவம் அவருக்கு.

— எழுப்ப வேணாம். முழிச்சுத்தான் இருப்பாரு.

— அப்ப நல்லதாப் போச்சு.

— நில்லு பாப்பா. பின்னக் காட்டுனா நீ மாட்டிக்குவ. அது கெடக்கு. நான் தப்பிச்சுருவேன்னு நெனக்கிறயா?

— தப்பிச்சுருவீங்கதானே? பிரேக்குக் கோளாறுனு கையில ஆதாரம் இருக்குல்ல.

— தப்பிக்க மாட்டேன். பின்னு இறுகுனதும் நெசம், இவன் குடிச்சதும் நெசம்னு சொல்லுவான் ஆனந்து. அவன் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். அதனால சூடத்தக் கொளுத்தத்தான் செய்வாக. "அன்னைக்கு நான் குடிக்காமத்தான் வண்டி ஓட்டுனேன்"னு சொல்லி அடிச்சு அணைடாம்பாக.

— அணைங்க! அதுக்கு ஏண்ணே இந்த பயம்? சுடும்னா?

— சுட்டா ஆறிரும். பாரு, குடிச்சேன்னு ஒத்துக்கிறது ஊருக்குச் சொல்ற பொய்யி. மனுசங்களுக்குச் சொல்றது. அத நாளைக்கே மறந்துரலாம். சூடத்து மேல சொல்றது மனுசங்களுக்குச் சொல்றது இல்ல. அங்க வேலப்பரு நிக்கிறாரு. அவரு பேரத்தான் எங்காத்தா எனக்கு வச்சிருக்கு.

— ஆனா நீங்க சொல்லப் போறது பொய்யி இல்லயே! நெசம்தானே!

— பாதிதான் நெசம்.

— எந்தப் பாதி?

— லைட்ட அணைச்சிரட்டா? சார்ஜு கொறையுது.

— அண்ணே. எந்தப் பாதி?

— குடிக்காதது நான், பாப்பா. ஓட்டுனது உங்கப்பா.